மகன் வருவான் என்று சொன்ன மாமிக்கு

திட்டித் திட்டியே என்னை உயிரோடு வைத்திருந்த என் அருமை மாமிக்கு,

நீங்கள் போன பிறகு முகாமில் பெரிய மாற்றம் ஒன்றும் இல்லை. குழாயடியில் மட்டும் ஒழுங்கு குலைந்துவிட்டது. நீங்கள் குடத்தோடு முன்னால் நின்றால் ஒருத்தியும் வரிசையை மீறமாட்டாள். இப்போது வாய் பெரியவளுக்குத்தான் தண்ணீர். எங்கள் பகுதிக்குப் புதுத் தகரக் கூரை போட்டிருக்கிறார்கள். மழை ஒழுகாதாம். வெயிலுக்கு என்ன செய்வது என்று ஒருவரும் சொல்லவில்லை.

உங்கள் பேத்தி வதனி நாலாம் வகுப்புக்கு வந்துவிட்டாள். நன்றாகப் படிக்கிறாள். பள்ளிக்கூடத்தில் இந்த ஊர்ப் பிள்ளைகள் போலவே பேசுகிறாள், படலையைத் தாண்டி உள்ளே வந்ததும் எங்கள் பேச்சுக்கு மாறிவிடுகிறாள். அவளுக்கு இரண்டு நாக்கு. எனக்கு இந்த ஊர்க் கடையில் உப்பு வாங்கவும் இன்னும் வாய் வருவதில்லை.

எங்கள் தீவுகளில் இறந்தவருக்கு முப்பத்தோராம் நாள் கல்வெட்டு என்று ஒரு சிறு புத்தகம் அடித்து வந்தவர்களுக்குக் கொடுப்பார்கள். பிறந்த குடி, கட்டிய மணாளன், பெற்ற பிள்ளை எல்லாம் வெண்பாவில் இருக்கும். உங்களுக்கு அப்படி அடிக்க இங்கே வழி இருக்கவில்லை. முகாம் பிள்ளைகள் ஒரு கையெழுத்துச் சஞ்சிகை நடத்துகிறார்கள், அதற்கு உங்களைப் பற்றி எழுதித் தரச்சொல்லிக் கேட்டார்கள். வெண்பா எனக்கு வராது. உங்களோடு நேரே கதைத்துத் தீர்க்கவேண்டிய விஷயம் ஒன்றும் இருக்கிறது. அதனால் கடிதமாக எழுதுகிறேன். வாசிக்கிறவர்கள் வாசிக்கட்டும். இவ்வளவு காலமும் மூடி வைத்தது போதும்.

நான் மடத்துவெளியில் இருந்து நெடுந்தீவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். உங்கள் மகன் தெற்கே ஒரு பட்டணத்தில் கடை வைத்திருந்தார். எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்தில் கடையைக் கொளுத்திவிட்டார்கள். உடுத்த சாரத்தோடு ஊருக்கு வந்து சேர்ந்தவருக்கு அடுத்த வருடம் என்னைக் கட்டி வைத்தீர்கள். நான் முதல் நாள் வைத்த மீன்குழம்பை வாயில் வைத்துவிட்டு, "ஏன் பிள்ளை, உங்கடை மடத்துவெளியிலை புளிக்குத் தட்டுப்பாடோ?" என்று கேட்டீர்கள். அவர் சிரித்தார். நான் குசினிக்குள் போய் அழுதேன். அந்தக் குழம்பை நீங்கள் இரண்டாம் தரமும் விட்டுச் சாப்பிட்டதை நான் கவனிக்கவில்லை.

வதனி தத்தித் தத்தி நடக்கத் தொடங்கிய காலத்தில் அவர் வெளிக்கிட்டார். ஒரு ஏஜென்சிக்காரன் பிரான்சுக்குக் கொண்டுபோய் விடுவதாகச் சொன்னான். உங்கள் தோட்டக் காணியும் என் தாலிக்கொடியும் அந்தப் பயணத்துக்குப் போயின. தாலியை மஞ்சள் கயிற்றில் கோத்துக் கட்டிக்கொண்டேன். கொழும்பில் இருந்து அவருடைய கடிதம் ஒன்று வந்தது. பிறகு ஒன்றும் வரவில்லை.

தொண்ணூறாம் ஆண்டு தீவுகளில் இருக்க ஏலாமல் போனபோது சனம் கடலில் இறங்கியது. வீட்டில் எதை எடுப்பது, எதை விடுவது என்று நான் மலைத்து நிற்க, நீங்கள் அம்மிக்குழவியைச் சீலையில் சுற்றி இடுப்பில் வைத்தீர்கள். "குழவி எதுக்கு மாமி, அம்மி இல்லாமல்?" என்று கேட்டேன். "அம்மி பாரம். போற இடத்திலை ஆரிட்டையாவது அம்மி இருக்கும்" என்றீர்கள். வள்ளக்காரர் இறக்கிவிட்ட மணல்திட்டில் பகல் முழுக்கக் குடிக்கத் தண்ணீர் இல்லாமல் இருந்தோம். எல்லாரும் கடவுளைக் கூப்பிட, நீங்கள் குழவியில் குந்தியிருந்து சுற்றிவரப் பார்த்துவிட்டு, "இதுதானோ இந்தியா? ஒரு மரத்தையும் காணேல்லை" என்றீர்கள். பயத்தில் வாடிக் கிடந்த சனம் சிரித்தது. மீன்பிடிக்க வந்தவர்கள் எங்களை ஏற்றிக் கரை சேர்த்தார்கள்.

பதிவு மேசையில் இருந்த ஐயா, குடும்பத் தலைவர் யார் என்று கேட்டார். "தலைவர் வெளிநாட்டிலை. அவர் வருமட்டும் நான்" என்றீர்கள். இங்கே சீலையால் மறைத்த பாதி அறை எங்கள் வீடானது. மறைப்புக்கு அந்தப் பக்கம் கமலாக்கா குடும்பம். அவர்கள் இருமினால் எங்களுக்குத் தெரியும், எங்கள் சண்டை அவர்களுக்குத் தெரியும். தலை எண்ணும் நாளில் காய்ச்சலோடும் போய் நின்றால்தான் அரிசி. வெளியே போக அனுமதிச் சீட்டு வேண்டும், பொழுது படமுதல் திரும்பவேண்டும்.

நான் இறால் உரிக்கும் கொட்டகைக்கு வேலைக்குப் போனேன். ஐஸ் தண்ணீரில் கை விறைத்து, முள் குத்தினதும் தெரியாது. அதே வேலைக்கு இந்த ஊர்ப் பெண்களுக்கு ஒரு கூலி, எங்களுக்கு அதிலும் குறைவு. கேட்டால், "சிலோன்காரங்களுக்குத்தான் சர்க்கார் அரிசி குடுக்குதே" என்பார்கள். அடுத்த வைகாசியில் இந்த நாட்டின் முன்னாள் பிரதமரைக் குண்டு வைத்துக் கொன்ற பிறகு இந்த ஊர்ச் சனத்தின் முகமே மாறிப்போனது. தெருவில் எங்களைக் கண்டால் குழந்தைகளை உள்ளே கூப்பிட்டார்கள். எங்களுக்குத் தெரிந்த ஒருவரும் ஒருவருக்கும் ஒரு தீங்கும் செய்யவில்லை என்று யாரிடம் போய்ச் சொல்வது?

வந்த புதிதில் நீங்கள் திரும்பிப் போகவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றீர்கள். "தம்பி வந்து, வீடு பூட்டிக் கிடக்கிறதைப் பாத்தால் என்ன நினைப்பான்?" என்று, மகனைத் தம்பி என்றே சொல்லி, ஒவ்வொரு நாளும் கேட்டீர்கள். புதிதாக வள்ளத்தில் வந்த சனத்திடம் எல்லாம் போய் விசாரித்தீர்கள். மாரிமழை தொடங்கிய நேரம் சங்கரப்பிள்ளை அண்ணை குடும்பத்தோடு வந்து சேர்ந்தார். ஊரில் எங்களுக்கு அயல். அவருடைய தம்பியும் உங்கள் மகனும் ஒரே ஏஜென்சியில் ஒன்றாகப் போனவர்கள். நான் கொட்டகைக்குப் போயிருந்த நேரம் நீங்கள் அவரிடம் போய்க் கேட்டிருக்கிறீர்கள்.

நான் வந்ததும், "சுகமாம் பிள்ளை. எங்கையோ ஒரு நாட்டிலை நிக்கினமாம். விசா இல்லாததாலை கடிதம் போட ஏலாதாம்" என்றீர்கள். உங்கள் குரலில் நடுக்கம் இல்லை. நான் சந்தோசத்தில் விம்மி விம்மி அழுதேன். என் முதுகைத் தடவிவிட்டீர்கள். கலியாணம் முடித்து வந்த நாள் தொட்டு நீங்கள் என்னை அன்பாகத் தொட்டது அன்றைக்குத்தான்.

அதற்குப் பிறகு திரும்பிப் போகும் கதையை நீங்கள் எடுக்கவே இல்லை. மீன் சாப்பிடுவதையும் விட்டீர்கள். கடலுக்குள் பிறந்து வளர்ந்த மனுசி, மீன் இல்லாத சோற்றைச் சோறு என்றே சொல்லாதவர். கொட்டகையில் தரும் மீன்தலைகளை நான் ஆசையாகக் கொண்டுவந்தால் எனக்கும் வதனிக்கும் ஆக்கித் தந்துவிட்டு நீங்கள் வெறும் ரசத்தோடு இருந்தீர்கள். "நயினாதீவு அம்மனுக்கு நேர்த்தி பிள்ளை. தம்பி வந்து சேருமட்டும் மச்சம் தொடன்" என்றீர்கள். நான் நம்பினேன். தாய் மகனுக்காக வைத்த நேர்த்தியை யார் சந்தேகப்படுவார்கள்?

வெள்ளிக்கிழமைகளில் என்னைக் கூப்பிட்டு இருத்தி, உங்கள் கையால் நெற்றியில் குங்குமம் வைக்கத் தொடங்கினீர்கள். ஊரில் ஒரு நாளும் செய்யாத வேலை. முகாமில் கலியாணம் நடந்தால் என்னை முன்னுக்குத் தள்ளிவிட்டு, நீங்கள் பின்னால் போய் இருந்தீர்கள். கொட்டகை மேஸ்திரி ஒரு நாள் என்னிடம், "உன் வீட்டுக்காரரு இருக்காரா, இல்லையா?" என்று இளித்துக்கொண்டு கேட்டான். நான் உங்களிடம் வந்து சொன்னேன். அடுத்த நாள் நீங்கள் கொட்டகை வாசலில் போய் நின்றீர்கள். "தம்பி, என்ரை மகன் பிரான்சிலை இருக்கிறான். இவளைக் கூப்பிடப் போறான். அதுமட்டும் இவளுக்கு நான் காவல்" என்றீர்கள். அவன் அதற்குப் பிறகு என்னை ஏறிட்டும் பார்க்கவில்லை. எவ்வளவு அழகாகச் சொன்னீர்கள் மாமி. எங்கே வைத்திருந்தீர்கள் அந்தத் தைரியத்தை?

ஊருக்குத் திரும்ப விருப்பமானவர்கள் பெயர் கொடுக்கலாம் என்று அதிகாரிகள் வந்தபோது, முதல் ஆளாக நீங்கள்தான் போவீர்கள் என்று முழு முகாமும் நினைத்தது. நீங்கள் எழும்பவே இல்லை. "அங்கை என்ன கிடக்கு?" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டீர்கள். வயது போக உங்களுக்கு மனம் ஆறிவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

இந்த மாசியில் உங்களுக்குக் காய்ச்சல் வந்து நெஞ்சில் இறங்கியது. ஒரு விடியற்காலை, தேத்தண்ணி கேட்டீர்கள். நான் ஊற்றிக்கொண்டு வருவதற்குள் போய்விட்டீர்கள்.

பின்னேரத்துக்குள் எடுக்கவேண்டும் என்றார்கள். நான் விடவில்லை. "கொள்ளி வைக்க மகன் இருக்கிறார். அவருக்குச் சொல்லாமல் எப்பிடி எடுக்கிறது? வர ஏலாட்டிலும், அங்கை இருந்து அவர் ஒரு சொல்லுச் சொல்லவேணும், ஆர் கொள்ளி வைக்கிறதெண்டு" என்று சத்தம் போட்டேன். பெற்ற மகன் உயிரோடு இருக்க, அவன் அறியாமல் வேறு ஒருவன் தாய்க்கு நெருப்பு வைத்தால் அந்தப் பழி எனக்குத்தானே வரும்? பாரிசில் இருக்கும் எங்கள் ஊர் ஆட்களின் நம்பரைத் தேடி எடுத்துக்கொண்டு டெலிபோன் கடைக்கு ஓடினேன். அவர்கள் எப்படியாவது அவரைத் தேடிப் பிடித்துச் சொல்லட்டும் என்று.

சங்கரப்பிள்ளை அண்ணை எனக்குப் பின்னால் வந்தார். நான் எடுத்த ரிசீவரை என் கையில் இருந்து வாங்கி வைத்தார்.

"தேடாதை பிள்ளை. அவன் இல்லை."

எனக்கு விளங்கவில்லை. எந்த நாட்டில் இல்லை என்று கேட்டேன்.

"ஒரு நாட்டிலையும் இல்லை. எல்லையிலை பூட்டின லொறிக்குள்ளை மூச்சு முட்டி உயிர் போட்டுது. என்ரை தம்பி கதவோரம் கிடந்ததாலை தப்பினவன். அங்கையே எங்கையோ மண்ணுக்குள்ளை தாட்டிட்டினமாம்."

"மாமிக்கு?" என்று மட்டும் கேட்டேன்.

"நான் இஞ்சை வந்த அண்டைக்கே சொன்னனான். அவ அழேல்லை. தன்ரை தலையிலை என்ரை கையை வைச்சுச் சத்தியம் வாங்கினவா, உனக்குச் சொல்லக்கூடாதெண்டு."

அந்தக் கடைக்காரர் எனக்கு ஒரு கதிரையைத் தள்ளிவிட்டார். நான் அதில் இருந்தது ஞாபகம். மீன் சாப்பிடாத அந்தத் தட்டு என் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. அது நேர்த்தி இல்லை, துக்கம். எனக்குத் தெரியாமல், ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல், என் பக்கத்திலேயே இருந்து மகனுக்குத் துக்கம் காத்திருக்கிறீர்கள்.

சங்கரப்பிள்ளை அண்ணையே உங்களுக்குக் கொள்ளி வைத்தார். பெட்டியைத் தூக்கும்போது நான் நெஞ்சில் அடித்து அழுததைப் பார்த்து, மாமியில் இவ்வளவு பாசமா என்று சனம் வியந்தது. ஒரு பிணத்துக்கு முன்னால் இரண்டு பேருக்கு அழுதேன் மாமி. அவருக்கு ஒரு பெட்டி இருந்ததா, யாராவது ஒருவர் முகத்தைத் துடைத்துவிட்டாரா என்று கேட்க எனக்கு யாரும் இல்லை.

தலைக்குத் தோய்ந்து வந்தபிறகு கமலாக்கா குங்குமச் சிமிழோடு வந்தார். "மனுசன் உள்ளவள் வெறும் நெத்தியோடை இருக்கக்கூடாது" என்று சொல்லி வைத்துவிட்டார். சங்கரப்பிள்ளை அண்ணை வாசலில் நின்று என்னையே பார்த்தார். சொல்லிவிடவேண்டாம் என்று நான் அவரிடம் கண்ணால் கெஞ்சினேன். அவர் தலையைத் திருப்பிக்கொண்டு போனார்.

உங்களில் எனக்குக் கோபம். சொல்லத்தான் வேண்டும். செத்துப்போன ஒருவருக்காக விளக்கு ஏற்றி வைத்து, வழி பார்த்து, அவர் வந்தால் நான் உடுக்க என்று ஒரு சீலையை மடிப்புக் குலையாமல் வைத்திருந்தேன். என்னை ஏன் அப்படிப் பைத்தியக்காரி ஆக்கினீர்கள்? கனடாவில் இருக்கும் என் அண்ணைக்கு இது தெரிந்திருந்தால் என்னையும் வதனியையும் கூப்பிட்டிருப்பார். உங்களைக் கூப்பிட அவருக்கு வழி இருந்திராது. அந்தப் பயமா? அல்லது, இந்த அந்நிய தேசத்தில் வெறும் நெற்றியோடு நான் அந்தக் கொட்டகையில் நின்றால் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரிந்திருந்ததா? எனக்குக் காவல் என்று சொன்னீர்கள். காவலா, பூட்டா?

இரண்டும்தான் என்று நினைக்கிறேன். இரண்டும் என்றாலும் எனக்குச் சம்மதம். நீங்கள் தனியாக, வயது போய், ஊர் விட்டு வந்து இருந்தீர்கள். உங்களுக்கு எஞ்சியது நாங்கள் இரண்டு பேரும்தான். எங்களையும் அனுப்பிவிட்டு இந்தப் பாதி அறையில் யாரோடு சண்டை பிடித்திருப்பீர்கள்? ஆனால் ஒரு நாள், ஒரே ஒரு நாளாவது, இரண்டு பேரும் கட்டிப்பிடித்து அழுதிருக்கலாம் மாமி. அந்த அழுகையை என்னிடம் இருந்து எடுத்துவிட்டீர்கள். அதைத்தான் என்னால் மறக்க ஏலாமல் இருக்கிறது.

இதைச் சொல்ல எனக்கும் முகம் இல்லை. ஏனென்றால் நீங்கள் விட்ட இடத்தில் இருந்து நான் தொடர்ந்தேன். "அம்மா, அப்பா எப்ப வருவார்?" என்று வதனி இடைக்கிடை கேட்பாள். "விசா கிடைச்ச உடனை வருவார்" என்று அப்படியே உங்கள் குரலில் சொன்னேன். தகப்பன் முகம் தெரியாத பிள்ளைக்கு, தகப்பன் வருவார் என்ற ஒரு சொல்லாவது இருக்கட்டும் என்று நினைத்தேன். சொல்லச் சொல்ல அது இலகுவானது. உங்களுக்கும் அப்படித்தான் இருந்ததா?

நாளைக்கு ஆடி அமாவாசை. தகப்பன் இல்லாதவர்கள் விரதம் இருக்கும் நாள். நாடெங்கும் இருந்து சனம் இராமேஸ்வரம் கடலுக்கு வந்து குவிகிறது. பிள்ளையின் விரதத்தைக்கூடத் தகப்பனுக்குக் கொடுக்காமல் வைத்திருக்க எனக்கு என்ன உரிமை என்று கொஞ்ச நாளாக மனம் அரித்தது. இன்றைக்குப் பள்ளிக்கூடம் விட்டு வந்தவுடன் சொல்லிவிடுவது என்று முடிவெடுத்தேன்.

அவள் வந்தபோது பாவாடை மடி நிறையக் காத்தோட்டிக்காய். எங்கள் ஊரில் ஆடி அமாவாசைச் சமையலுக்கு அந்தக் கசப்புக்காய் இல்லாமல் முடியாது. முகாமுக்குப் பின்னால் இருக்கும் முட்பற்றையில் தேடிப் பிடுங்கி, கையெல்லாம் கீறிக்கொண்டு வந்திருந்தாள். போன வருடம் நீங்கள் உங்கள் தகப்பனாருக்கு என்று விரதம் இருந்தபோது அவளையும் கூட்டிக்கொண்டு பிடுங்கப் போனீர்கள், அந்த ஞாபகம் என்று நினைத்தேன். கடலுக்கும் கொண்டுபோய் அவளை முழுகவைத்து, தடிமன் பிடித்த பிள்ளையை நனைத்ததற்கு என்னிடம் ஏச்சு வாங்கினீர்கள்.

அவளைப் பக்கத்தில் இருத்தினேன். "அப்பாவைப் பற்றி ஒரு விசயம் சொல்லவேணும்" என்றேன். அவள் காயில் இருந்து முள்ளை எடுத்துக்கொண்டே, நிமிராமல் கேட்டாள்.

"அப்பா செத்துப்போனதோ?"

நான் அவள் கையில் இருந்த காயை வாங்கிக் கீழே வைத்தேன்.

"எனக்குத் தெரியும் அம்மா. போன வருசம் கடலிலை முழுகேக்கை அப்பாச்சி சொன்னவா. இது கொப்பருக்கு, மனசுக்குள்ளை கும்பிட்டுக்கொண்டு முழுகு எண்டவா."

"ஏன் பிள்ளை எனக்குச் சொல்லேல்லை?"

"அம்மா தாங்கமாட்டா எண்டு சொன்னவா. நீதான் அவவைப் பாக்கவேணும் எண்டவா." பிறகு என் முகத்தைப் பார்த்தாள். "அதுதான் நான் இடைக்கிடை அப்பா எப்ப வருவார் எண்டு கேக்கிறனான். கேக்காட்டில் உங்களுக்கு விளங்கிப்போடுமெல்லே."

மாமி, நான் அவளுக்காகப் பொய் சொன்னேன், அவள் எனக்காகக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒன்பது வயதுப் பிள்ளை. ஒவ்வொரு தரமும் நான் என்ன சொல்வேன் என்று தெரிந்துகொண்டே, சந்தோசப்பட்ட மாதிரித் தலையாட்டியிருக்கிறாள். அவளை மடியில் போட்டுக்கொண்டு நான் அழுதேன். முதலில் அவள் அழவில்லை, என் முதுகைத் தடவினாள். அந்தக் கையைப் பிடித்து நிறுத்தினேன். "என்னைப் பாக்கவேண்டாம் ராசாத்தி. உன்ரை அப்பாவுக்கு நீ அழு" என்றேன். அதற்குப் பிறகுதான் அழுதாள். மறைப்புச் சீலைக்கு அந்தப் பக்கம் கமலாக்கா வீட்டில் எல்லாச் சத்தமும் நின்றுபோனது.

அனுமதிச் சீட்டு எடுத்துவிட்டேன். விடிந்ததும் இரண்டு பேரும் கடலுக்குப் போகிறோம். முழுகி எழும்பும்போது என் நெற்றியை நானே துடைத்துக்கொள்வேன். மேஸ்திரி கேட்டால் என் மனுசன் இல்லை என்று சொல்வேன், அதற்கு மேல் கேட்டால் உங்கள் வாயில் கொஞ்சம் எனக்கும் இருக்கிறது. உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன் மாமி. இந்தப் பிள்ளை இனி ஒருவரையும் காக்கவேண்டி இராது. அவள் விழுந்தால் அழட்டும், பசித்தால் கேட்கட்டும், என்னோடு சண்டை பிடிக்கட்டும். அவளுக்கு நான் தாயாக இருப்பேன்.

உங்கள் மகனை உங்களோடு சேர்த்து ஒரே நாளில் இழந்த,
உங்கள் மருமகள்
பரமேஸ்வரி